பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போறீங்களா? மெக்கானிக்கைப் பார்க்குறதுக்கு முன்னாடி சாவிக் கடைக்குப் போங்க



"பட்ஜெட் ஒன்றரை லட்சம், ரெண்டு லட்சம்தான். ஆனா ஓட்டும்போது ஒரு த்ரில் இருக்கணும். பழைய கார் வாங்கலாமா?" இந்தக் கேள்வியைக் கேக்காத ஐ.டி. பையனோ, பேங்க் வேலையில இருக்குற பொண்ணோ கிடையாது. லிஸ்ட்டும் கிட்டத்தட்ட ஒரே லிஸ்ட்தான். ஃபோர்டு ஐகான் 1.6, ஃபியஸ்டா 1.6 எஸ், ஃபியட் பாலியோ 1.6, பழைய ஹோண்டா சிட்டி விடெக், மிட்சுபிஷி லான்சர், ஓப்பல் ஆஸ்ட்ரா. கொஞ்சம் வசதி இருக்குறவங்க கான்டெசாவைத் தேடுவாங்க.

இதெல்லாம் ரெண்டு கதவு வச்ச ஸ்போர்ட்ஸ் கார் கிடையாது, எனக்கும் தெரியும். ஆனா 2000-ஆம் வருஷத்தை ஒட்டி நம்ம ஊர் ரோட்டுல "ஸ்பீடு வண்டி"ன்னா இதுங்கதான். நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டுன ஸ்போர்ட்ஸ் கார் இவ்வளவுதான்.

இந்த மாதிரி வண்டியைப் பார்க்கப் போனா எல்லாரும் என்ன செய்றோம்? பானெட்டைத் தூக்குறோம். ஆயில் பார்க்குறோம். துரு இருக்கான்னு கீழ குனிஞ்சு பார்க்குறோம். ஒரு ரவுண்டு ஓட்டிட்டு "பிக்கப் சூப்பரா இருக்கு"ன்னு அட்வான்ஸ் கொடுக்குறோம். இந்த மொத்த நேரமும் நம்ம கையிலயே ஒரு பொருள் இருக்கு. அதை மட்டும் யாரும் திருப்பிப் பார்க்குறதில்ல. அதுதான் சாவி.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். பழைய ஸ்போர்ட்ஸ் மாடல் எதை வாங்குறதா இருந்தாலும், அதோட சாவிக்கு இன்னொரு பிளாங்க் கிடைக்குமா, அதை வெட்டி வேலை செய்ய வைக்க உங்க ஊர் பக்கம் ஆள் இருக்காரான்னு தெரியாம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. சாவியே கிடைக்காத வண்டிக்கு மத்த பார்ட்ஸ் மட்டும் சுலபமா கிடைச்சிடும்னு நம்புறதுக்கு எந்தக் காரணமும் இல்ல.

பிளாங்க்னா என்ன?

பல்லு வெட்டாத சாவிக்குத்தான் பிளாங்க்னு பேர். பித்தளையிலயோ, செம்போட நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகத்துலயோ வரும். சிலது இரும்புல வரும். பக்கவாட்டுல நீளமா பள்ளம் ஓடும். அந்தப் பள்ளம்தான் அந்தச் சாவியோட ஜாதகம். பூட்டு வாய்க்குள்ள சாவி நுழையணும்னா அந்தப் பள்ளம் பொருந்தணும். பல்லை யார் வேணா வெட்டலாம், அதுக்கு மெஷின் இருக்கு. பள்ளமே மாறிப்போனா எவ்வளவு பெரிய கெட்டிக்காரரும் ஒண்ணும் செய்ய முடியாது.

திண்டுக்கல் பூட்டை யோசிச்சுப் பாருங்க. 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பூட்டு. அங்க கைவேலைக்காரர் பூட்டையும் சாவியையும் சேர்த்தே செய்றார். சாவி தொலைஞ்சா, பூட்டைக் கொண்டு போனா அவரே உட்கார்ந்து அரத்தால ராவி ஒண்ணு செஞ்சு கொடுத்திடுவார். கார் சாவி அப்படி இல்ல. பிளாங்க் ஃபேக்டரியில அச்சு வச்சு வர்ற பொருள். இத்தாலியோட சில்கா, ஸ்பெயினோட ஜே.எம்.ஏ. மாதிரி கம்பெனிகள் ஆயிரக்கணக்கான வகை பிளாங்க் போடுறாங்க. ஒவ்வொரு வகைக்கும் ஒரு நம்பர் உண்டு. இந்தியாவுலயும் அதிகமா ஓடுற மாடல்களுக்கு லோக்கலா பிளாங்க் போடுறாங்க. "அதிகமா ஓடுற"ங்கிற வார்த்தையைக் குறிச்சு வச்சுக்கங்க. மேட்டரே அதுலதான் இருக்கு.

பெருமைக்கு பிளாங்க் கிடைக்காது

பழைய மாருதி 800-க்கோ ஆம்னிக்கோ சாவி வேணுமா? பஸ் ஸ்டாண்டு பக்கத்துல குடையை விரிச்சு உட்கார்ந்திருக்குற சாவிக்காரர்கிட்ட போனாலே போதும். கம்பியில கொத்தா மாட்டி வச்சிருப்பார். ஒரு டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வெட்டிக் கொடுத்திடுவார்.

அதே ஆள்கிட்ட ஓப்பல் ஆஸ்ட்ரா சாவியை நீட்டுங்க. கண்ணாடியை மாட்டி ஒருவாட்டி பார்ப்பார். கொத்தைப் புரட்டுவார். "இது இல்ல தம்பி, திருச்சியில கேட்டுப் பாருங்க"ன்னு திருப்பிக் கொடுத்திடுவார்.

அவர் மேல தப்பே இல்ல. நாலு வருஷத்துக்கு ஒருத்தர் வந்து கேக்குற பிளாங்க்ல அவர் எதுக்குப் பணத்தைப் போட்டு முடக்கணும்? ஒரு வண்டி எவ்வளவு வித்துச்சோ, எத்தனை இன்னும் ரோட்டுல ஓடுதோ, அதுக்குத் தகுந்த மாதிரிதான் பிளாங்க் கடைக்கு வரும். வண்டி எவ்வளவு கெத்துங்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சொல்லப் போனா நேர் எதிர்தான். ஸ்போர்ட்ஸ் மாடல்னாலே குறைவா வித்த மாடல். அதனாலதான் அது நமக்கு ஸ்பெஷலா தெரியுது. அதே காரணத்தாலதான் சாவியும் கிடைக்க மாட்டேங்குது.

இதுக்கு மேல கம்பெனியே ஊரை விட்டுப் போன கதை வேற இருக்கு. மறைமலை நகர்ல ஐகானும் ஃபியஸ்டாவும் செஞ்ச ஃபோர்டு, இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்துறதா 2021 செப்டம்பர்ல அறிவிச்சது. ஓப்பலை இங்க கொண்டு வந்த ஜெனரல் மோட்டார்ஸ் 2017 கடைசியோட இந்தியாவுல விற்பனையை நிறுத்திட்டாங்க. திருவள்ளூர்ல லான்சரைச் செஞ்சது இந்துஸ்தான் மோட்டார்ஸ். அந்த லான்சரும் இப்ப இல்ல, கான்டெசாவும் 2002-ஓட முடிஞ்சு போச்சு. கம்பெனி போனாலும் சர்வீஸும் பார்ட்ஸும் கொஞ்ச காலம் தொடரும்தான். ஆனா 20 வருஷத்துக்கு முந்தின மாடலோட சாவி அந்த லிஸ்ட்டுல இன்னும் இருக்கான்னு நீங்களேதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

ரொம்பப் பழசு ஈஸி, நடுவுல உள்ளதுதான் கஷ்டம்

பழசாக ஆக சாவி கிடைக்கிறது கஷ்டம்னுதான் எல்லாரும் நினைக்கிறோம். நிஜம் அப்படி இல்ல.

சென்னைக்குப் பக்கத்துல ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-லேர்ந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் செஞ்சாங்க. இங்கிலாந்தோட ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் அது. அதே ஹெரால்டோட சேஸிஸைக் கொஞ்சம் குட்டையாக்கி, ட்ரையம்ஃப் கம்பெனி 1962-ல ஸ்பிட்ஃபயர்ங்கிற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டு வந்தாங்க. நம்ம ஊர் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயருக்கு அண்ணன் முறை. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார் கம்பெனிகள் பூட்டைத் தாங்களா செய்யல. ஒரே சப்ளையர்கிட்ட பல கம்பெனிகள் வாங்கினாங்க. அதனால ஒரே வகை பிளாங்க் ஏகப்பட்ட கார்களுக்குப் பொருந்தும். சாவி நம்பரைச் சொன்னா போதும், அந்த வகைச் சாவிகளை இங்கிலாந்துல இன்னிக்கும் வெட்டி விக்கிறாங்க. உள்ள சிப் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. உலோகம் பொருந்தினா வண்டி ஸ்டார்ட்.

சிக்கல் அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சது. 1986 கார்வெட் காருக்கு அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு புது ஏற்பாடு செஞ்சாங்க. சாவியோட தகட்டுல குட்டியா ஒரு ரெசிஸ்டர். மொத்தம் 15 அளவு. பல்லு சரியா இருந்தாலும் ரெசிஸ்டர் அளவு மாறினா இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. அந்தக் கார் வச்சிருக்குறவங்க இன்னிக்கும் மல்டிமீட்டரை வச்சு அளந்துதான் சரியான பிளாங்க்கை வாங்கணும்.

1990-களின் நடுவுல அடுத்த கட்டம் வந்துச்சு, சாவிக்குள்ள சிப். சாவியோட பிளாஸ்டிக் தலைக்குள்ள அரிசி மணியை விடக் கொஞ்சம் பெருசா ஒரு சிப் இருக்கும். அதுக்கு பேட்டரி வேண்டாம். சாவி போடுற இடத்தைச் சுத்தி இருக்குற காயில் அதுக்குக் கரன்ட் கொடுக்கும், சிப் தன்னோட நம்பரைச் சொல்லும், வண்டியோட கம்ப்யூட்டர் சரிபார்த்து இன்ஜினை ஓட விடும். இதைத்தான் இம்மொபிலைசர்னு சொல்றோம். ஃபெராரி 360-க்கெல்லாம் சிவப்புக் கலர்ல ஒரு மாஸ்டர் சாவி தனியா வந்துச்சு. புதுச் சாவியை வண்டிக்கு அறிமுகப்படுத்த அது வேணும். இன்னிக்கு அந்த வண்டியைப் பழசுல வாங்குறவங்க "சிவப்புச் சாவி இருக்கா?"ன்னு கேட்டுட்டுத்தான் விலையே பேசுவாங்க. கோடி ரூபாய் வண்டிக்காரங்களே சாவியைப் பார்த்து விலை பேசுறப்ப, ஒன்றரை லட்சம் போடுற நாம ஏன் பார்க்கக் கூடாது?

ஆக மூணு தலைமுறை இருக்கு. சிப் இல்லாத பழைய வண்டிக்கு பிளாங்க் மட்டும் கிடைச்சா போதும். இன்னிக்கு விக்கிற வண்டிக்கு காசு அதிகம், ஆனா கம்பெனி இருக்கு, ஷோரூம் இருக்கு. நடுவுல 1990-களின் கடைசியிலேர்ந்து 2010 வரைக்கும் வந்த சிப் வண்டிகள்தான் மாட்டிக்குது. இதுக்கு பிளாங்க் வேணும், சரியான சிப் வேணும், அந்தக் காலத்து கம்ப்யூட்டரோட பேசுற மெஷினும் வேணும். மூணும் ஒரே கடையில இருக்கணும். நம்ம பட்ஜெட்டுல வர்ற "ஸ்பீடு வண்டி"யில பாதி இந்தக் கூட்டத்துலதான் இருக்கு.

டெல்டாக்காரங்களுக்கு இது ஏன் கூடுதல் பிரச்சினை?

இதுவரைக்கும் சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். நம்ம பக்கத்துக்குன்னு தனியா ஒரு விஷயம் இருக்கு.

தஞ்சாவூர், மன்னார்குடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, திருவாரூர் பக்கத்துப் பசங்க நிறைய பேருக்கு வேலை சென்னையிலயோ பெங்களூர்லயோ இருக்கு. சிட்டியில பார்க்கிங் கிடையாது. அதனால பழைய காரை வாங்கி ஊர்ல வீட்டு வாசல்ல விட்டுடுறோம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அறுவடை நேரத்துக்கும் போகும்போது ஓட்டிக்கலாம்னு ஒரு கணக்கு. லீவு முடிஞ்சு ராத்திரி பஸ் ஏறும்போது சாவி எங்க இருக்கு? ஜீன்ஸ் பாக்கெட்லயே வேளச்சேரி வந்து சேர்ந்துடுது.

இப்ப யோசிங்க. தை மாசம், சம்பா அறுப்பு நடந்துட்டு இருக்கு. ராத்திரி 11 மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு அம்மா போன் பண்றாங்க. ஒரத்தநாட்டுலேர்ந்து தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி 25 கிலோமீட்டர் சுமாரு. 108-க்கு முதல்ல கூப்பிடணும், அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா ஆம்புலன்ஸ் வர நேரமானா? பக்கத்து வீட்டுச் சித்தப்பாவுக்கு கார் ஓட்டத் தெரியும். கார் வாசல்லயே நிக்குது. சாவி மட்டும் 300 கிலோமீட்டர் தாண்டி உங்க ரூம் ஆணியில தொங்குது.

இன்னொரு சாவி இருந்தா அது அம்மாவோட அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்துல இருந்திருக்கும். ஸ்பேர் சாவின்னா தொலைஞ்சா எடுத்துக்கிறதுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. வண்டி ஒரு ஊர்லயும் ஓனர் வேற ஊர்லயும் இருக்குற குடும்பத்துக்கு, ரெண்டாவது சாவி இல்லைன்னா அந்த வண்டி பாதி நாள் வீட்டுக்கு உதவாது.

கடையும் தூரம். சாதா சாவிக்கு தஞ்சாவூர், கும்பகோணம் போதும். பழைய மாடல் சிப் சாவின்னா பெரும்பாலும் திருச்சிக்கோ சென்னைக்கோதான் கை காட்டுவாங்க. கையில ஒரு சாவி இருந்தா வண்டியை ஓட்டிக்கிட்டே திருச்சிக்குப் போயிடலாம். ஒண்ணுமே இல்லைன்னா? டோ வண்டியில ஏத்தணும், இல்ல மெஷினோட ஆளை வரவழைக்கணும். இங்கதான் காசு கணக்கு மொத்தமா மாறுது.

கணக்கைப் போடுவோம்

கீழே இருக்குற எண்கள் உதாரணத்துக்கு நான் போட்டது. உங்க மாடலுக்கு உங்க ஊர்ல விசாரிச்சு மாத்திக்கங்க.

சம்பளம் 35,000. வண்டி விலை 1,60,000. ஒரு சாவி நல்லா வேலை செய்யும்போதே ரெண்டாவது சிப் சாவி போட 4,000 ஆகுதுன்னு வச்சுக்குவோம். இதைத் தள்ளிப் போட்டுக்கிட்டே வர்றீங்க. ஒரு நாள் இருக்குற ஒண்ணும் தொலைஞ்சு போகுது. இப்ப டோ செலவு 5,000, எல்லாச் சாவியும் போன நிலைமையில புதுசா பூட்டைப் பிரிச்சு வெட்டி கம்ப்யூட்டர்ல ஏத்துறதுக்கு 13,000. மொத்தம் 18,000. அது போக ரெண்டு மூணு நாள் லீவு.

4,000 செலவு பண்ண மனசு வராத நமக்கு 18,000 ஒரே நாள்ல போகுது. மாசச் சம்பளத்துல பாதிக்கும் மேல. இதைத்தான் கிரெடிட் கார்டுல தேய்ச்சு, மினிமம் டியூ மட்டும் கட்டி, ஆறு மாசம் வட்டி கட்டிட்டு இருப்போம். "எமர்ஜென்சி ஃபண்டு வைங்க"ன்னு நான் எத்தனை வீடியோவுல கத்துனாலும், எமர்ஜென்சியே வராம தடுக்குற 4,000 ரூபாய்தான் அதைவிட நல்ல முதலீடு.

ரெண்டாவது, இன்சூரன்ஸ். ஃபுல் இன்சூரன்ஸ் இருந்து வண்டி திருடு போச்சுன்னா, கிளைம் பண்ணும்போது வண்டியோட எல்லாச் சாவியையும் ஒப்படைக்கச் சொல்றது இன்சூரன்ஸ் கம்பெனிகளோட வழக்கம். ஒண்ணு குறைஞ்சா "அது எங்க? வண்டியிலயே விட்டீங்களா?"ன்னு கேள்வி வரும், கிளைம் இழுத்தடிக்கும். அதனால உடைஞ்ச சாவியைக் கூட தூக்கிப் போடாதீங்க. சாவி தொலைஞ்சா போலீஸ் ஸ்டேஷன்ல புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி ஃபைல்ல வைங்க. சாவி தொலைஞ்சா காசு தர்ற ஆட்-ஆன் கவர் இருக்கே? இருக்கு. ஆனா ஆட்-ஆன்களுக்கு வண்டி வயசு வரம்பு உண்டு, 20 வருஷ வண்டிக்கு அதை நம்பி இருக்க முடியாது. தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருந்தா திருட்டுக்கு ஒரு பைசாவும் வராது.

மூணாவது, பேரம். விக்கிறவர் ஒரே ஒரு சாவியை நீட்டினா "ரெண்டாவது எங்க?"ன்னு கேளுங்க. தொலைஞ்சு போச்சுன்னா சரி, அந்தச் செலவை விலையில குறைச்சுக் கேளுங்க. ஆனா வேற மாதிரியும் இருக்கலாம். கடன் கொடுக்கும்போது சில ஃபைனான்ஸ்காரங்க ஒரு சாவியை வாங்கி வச்சுக்கிறது உண்டு. ஆர்.சி.யில ஹைப்பாதிக்கேஷன் இருக்கான்னு பாருங்க. இருந்தா ஃபைனான்ஸ் கம்பெனியோட என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-உம் இல்லாம பணத்தைக் கையில கொடுக்காதீங்க. "ரெண்டாவது சாவி எங்க?"ங்கிற ஒரு கேள்வி, வண்டி மேல கடன் நிக்குதான்னு கண்டுபிடிச்சுக் கொடுத்திடும்.

சாவி டெஸ்ட்: அட்வான்ஸுக்கு முன்னாடி ஒரு மணி நேரம்

1. விக்கிறவர்கிட்ட எல்லாச் சாவியையும் கேளுங்க. ஒவ்வொண்ணையும் கதவு, டிக்கி, இக்னிஷன் மூணுலயும் போட்டுப் பாருங்க. கதவுக்கு ஒண்ணு, இக்னிஷனுக்கு ஒண்ணுன்னு இருந்தா பூட்டை யாரோ நடுவுல மாத்தியிருக்கலாம். ஏன்னு கேளுங்க.

2. புது வண்டியோட வர்ற சாவி நம்பர் தகடு, இல்லைன்னா சாவி நம்பர் எழுதுன அட்டை இருக்கான்னு கேளுங்க. இருந்தா அது தங்கம். நம்பரை வச்சு வெட்டினா புதுச் சாவி மாதிரியே வரும். தேய்ஞ்ச சாவியைப் பார்த்து வெட்டினா தேய்மானத்தையும் சேர்த்துத்தான் வெட்டும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த கதைதான்.

3. சாவியோட ரெண்டு பக்கத்தையும், நுனியையும் பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு போட்டோ எடுங்க. தலையில ஏதாவது எழுத்து, நம்பர் இருந்தா அதையும் எடுங்க. பல்லு தெரியுற போட்டோவை யாருக்கும் ஃபார்வர்டு பண்ணாதீங்க, வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க. கடைக்காரர்கிட்ட நேர்ல காட்டுங்க.

4. விக்கிறவரோட போய் மூணு சாவிக் கடையில கேளுங்க. "பிளாங்க் இருக்கா? சிப் இருக்கா? இந்த மாடலுக்கு ப்ரோகிராம் பண்ணியிருக்கீங்களா? மொத்தம் எவ்வளவு?" மூணு பேரும் உடனே விலை சொன்னா நல்ல சகுனம். ஒருத்தர் மட்டும் சொன்னா அவர் போன் நம்பரை வாங்கிக்கங்க. மூணு பேரும் கையை விரிச்சா, அந்த வண்டியோட வைப்பர் மோட்டருக்கும் கிளச் செட்டுக்கும் இதே பதில்தான் வரப் போகுதுன்னு புரிஞ்சுக்கங்க.

நாலாவது பாயின்ட்தான் இதுல முக்கியம். ஒரு மெக்கானிக் "பார்ட்ஸ் எல்லாம் கிடைக்கும் சார்"னு சொல்றது வெறும் வாய் வார்த்தை. கடைக்காரர் கொத்தைப் புரட்டி பிளாங்க்கை எடுத்து மேசை மேல வைக்கிறது கண்ணால பார்க்குற ஆதாரம்.

ஏற்கனவே வாங்கிட்டீங்களா?

பதற வேண்டாம், வழி இருக்கு.

பிளாஸ்டிக் தலை உடைஞ்சிருந்தா சாவியே போச்சுன்னு அர்த்தம் இல்ல. வெறும் ஷெல் தனியா கிடைக்கும். பழைய சிப்பைப் பத்திரமா எடுத்து புது ஷெல்லுல வச்சா வேலை செய்யும். உடைஞ்ச தலையைக் குப்பையில போட்டா சிப்பும் சேர்ந்து போயிடும், அது மட்டும் ஜாக்கிரதை.

பிளாங்க் உள்ளூர்ல இல்லைன்னா சென்னை ஜி.பி. ரோடு ஸ்பேர்ஸ் கடைகள்ல கேளுங்க. ஆன்லைன்ல வாங்கினா கார் பேரைப் போட்டுத் தேடி வாங்காதீங்க. ஒரே மாடலுக்கு வருஷத்துக்கு வருஷம் பிளாங்க் மாறியிருக்கும். வெளிநாட்டு மாடலும் நம்ம ஊர் மாடலும் பேர் ஒண்ணா இருந்தாலும் சாவி வேறயா இருக்கலாம். சாவிக்காரர்கிட்ட பிளாங்க் நம்பரைக் கேட்டு, அந்த நம்பரை வச்சு வாங்குங்க. நம்பர் சரின்னா வேற கம்பெனி பிளாங்க் கூட பொருந்தும். ஒண்ணு வாங்குற இடத்துல ரெண்டு வாங்கி வைங்க, அடுத்தவாட்டி கிடைக்கும்னு உறுதி இல்ல.

பிளாங்க் எங்கயுமே இல்லைன்னா பூட்டு செட்டையே மாத்தலாம். புதுப்பேட்டையில பிரிச்ச வண்டிகளோட பார்ட்ஸ் கிடைக்கும். இக்னிஷன், கதவுப் பூட்டு, சாவி எல்லாம் ஒரே வண்டியோடதா ஒரு செட்டா வாங்கணும். சிப் வண்டின்னா அதே வண்டியோட கம்ப்யூட்டரும் இம்மொபிலைசரும் சேர்ந்து வந்தாத்தான் பிரயோஜனம். பில் இல்லாம வாங்காதீங்க, திருட்டு வண்டியோட பார்ட்ஸா இருந்தா நீங்களும் மாட்டுவீங்க.

"இம்மொபிலைசரையே தூக்கிடலாம் சார், ஆயிரம் ரூபாய்ல முடிச்சிடுறேன்"னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்லுங்க. திருடனுக்கு நாமளே கதவைத் திறந்து விடுற வேலை அது. இன்சூரன்ஸ் இருந்தா அங்கயும் சிக்கல் வரலாம்.

சாவி போட எங்க போனாலும் ஆர்.சி.யும் ஆதாரும் எடுத்துட்டுப் போங்க. எதையும் கேக்காம வெட்டிக் கொடுக்குற கடையை விட, கேக்குற கடை நல்ல கடை. ப்ரோகிராம் பண்ணும்போது, பழைய தொலைஞ்ச சாவியை மெமரியிலேர்ந்து அழிக்க முடியுமான்னு கேளுங்க. பல சிஸ்டத்துல முடியும்.

பூட்டு இறுகினா தேங்காய் எண்ணெய் விடாதீங்க. நம்ம ஊர்த் தூசியும் எண்ணெயும் சேர்ந்து உள்ள களிமண்ணாயிடும். பென்சில் லெட்டைப் பொடி பண்ணி சாவியில தடவிப் போட்டு எடுங்க, போதும். இறுகின பூட்டுல முறுக்கித்தான் பாதிப் பேர் சாவியை உடைக்கிறாங்க.

"இவ்வளவு தொல்லைன்னா எதுக்கு பழைய கார்?"

நியாயமான கேள்வி. பேசாம ஒரு ஆல்டோ வாங்கிட்டுப் போயிடலாமே?

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மாசாமாசம் எஸ்.ஐ.பி. போட்டு, டேர்ம் இன்சூரன்ஸ் எடுத்து, எமர்ஜென்சி ஃபண்டு வச்சிருக்குற ஒருத்தர், தன் ஆசைக்காக ஒன்றரை லட்சத்துல ஒரு பழைய ஸ்பீடு வண்டி வாங்கினா அதுல எந்தத் தப்பும் இல்ல. ஏழு வருஷ இ.எம்.ஐ.யில 12 லட்சத்துக்கு எஸ்.யூ.வி. எடுக்குறதை விட அது எவ்வளவோ மேல். கல்லணை ரோட்டுல ஒரு பக்கம் வாய்க்கால் தண்ணியும் இன்னொரு பக்கம் பச்சை வயலுமா காலையில அப்படி ஒரு வண்டியில போறதோட சுகம் எனக்கும் தெரியும். பணம் சேர்க்குறதே இப்படி நாலு சந்தோஷத்துக்குத்தானே?

புது வண்டி வாங்கினா சாவித் தொல்லை போயிடும்னும் நினைக்காதீங்க. பட்டன் ஸ்டார்ட் வண்டியோட ஸ்மார்ட் கீ ஒண்ணு தொலைஞ்சா என்ன ஆகும்னு ஷோரூம்ல கேட்டுப் பாருங்க. பழைய வண்டியில பிளாங்க் கிடைக்குமாங்கிற கவலை, புது வண்டியில விலையைப் பார்த்தா கவலை.

நான் சொல்றது ஒண்ணுதான். வாங்குற விலை வேற, வச்சிருக்குற விலை வேற. பழைய ஸ்போர்ட்ஸ் மாடல்கள்ல இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி ரொம்பப் பெருசு. அது எவ்வளவு பெருசுன்னு அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடியே காட்டுற அளவுகோல் சாவிதான். அதை அளக்க ஒரு மணி நேரமும் பெட்ரோல் காசும்தான் செலவு.

வண்டி வாங்கின முதல் மாசம் அலாய் வீல், ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, ஃபாக் லேம்ப்னு லிஸ்ட் போடுவீங்க. அந்த லிஸ்ட்டோட மேல ரெண்டாவது சாவியை எழுதுங்க. அது கைக்கு வந்த அப்புறம் மத்ததை வாங்குங்க.

இந்த வாரத்துக்கு ஒரே ஒரு ஹோம்வொர்க். பைக்கோ காரோ, புதுசோ பழசோ, உங்க வண்டியோட ரெண்டாவது சாவி எங்க இருக்குன்னு இப்பவே எழுந்து தேடிப் பாருங்க. கிடைச்சா ஒருவாட்டி போட்டு வண்டி ஸ்டார்ட் ஆகுதான்னு பாருங்க. அடுத்தவாட்டி ஊருக்குப் போகும்போது அதை வீட்டுல கொடுத்துட்டு, எந்த டப்பாவுல இருக்குன்னு அம்மாகிட்டயும் அப்பாகிட்டயும் சொல்லிட்டு வாங்க. கிடைக்கலையா? இந்த மாசச் சம்பளத்துலயே போட்டுடுங்க.